கம்பியும் குறடும்: கல்லைக் கட்டும் கைவினையில் தமிழரும் பினாங்கும்

முன்னுரை

தமிழர் அணிகலன்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அணிகளின் பெயர்ப்பட்டியலாகவே அமைந்துள்ளன. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை, மாதவி அணிந்த அணிகளைக் கால்விரல் முதல் தலை வரை வரிசைப்படுத்துகிறது. ஊர்காண் காதை, மதுரை மணிக்கடைத் தெருவில் விற்கப்பட்ட கற்களின் குணங்களையும் குற்றங்களையும் நான்கு வகைப் பொன்னையும் எடுத்துரைக்கிறது. இவற்றை அடியொற்றி எழுதும் ஆய்வாளர்கள் எந்தக் கல், எந்தப் பொன், எந்த உறுப்பில் எந்த அணி என்று விரிவாகப் பேசுகின்றனர். அந்தக் கல்லை அந்த அணியில் எது பிடித்து நிறுத்தியது, அதைச் செய்தவன் கையில் என்ன கருவி இருந்தது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன.

இவ்வினாக்கள் இன்று ஒரு புதிய இடத்திலிருந்து நம்மை நோக்கி வருகின்றன. கல்லைத் துளையிடாமலும் நெருப்பில் பற்றவைக்காமலும், உலோகக் கம்பியைச் சுற்றியே பிடித்து நிறுத்திப் பதக்கமும் காதணியும் செய்யும் கைவினை உலகெங்கும் பரவியுள்ளது. இதனை இக்கட்டுரை கம்பிக்கட்டு என வழங்குகிறது. இதைக் கற்க விரும்பும் ஆசிரியர்களும் மாணவர்களும் முதலில் கேட்பது, 'எந்தக் கம்பி வாங்குவது? என்னென்ன கருவி வேண்டும்?' என்பதே. இதற்கு விடை தரும் கையேடுகள் ஆங்கிலத்தில் குவிந்து கிடக்கின்றன. தமிழில் விடை தர முற்படும் ஆசிரியர் குறட்டுக்கும் கம்பிக்கும் பெயர் தேடித் தடுமாறுகிறார். பிளாயர் என்ற சொல்லோடு எங்கள் மாணவர்களின் கருவிச் சொற்களஞ்சியம் முடிந்துவிடுகிறது.

சொல் இல்லாமையன்று இதற்குக் காரணம். தட்டார் பட்டறையில் இருந்த சொற்களை நாம் கல்விக்கூடத்திற்குள் கொண்டுவரவில்லை. கம்பியையும் கருவியையும் தேர்ந்தெடுக்கும் அறிவு தமிழ் மண்ணிலும், அதனோடு கடல்வழித் தொடர்புற்றிருந்த இத்தீபகற்பத்திலும் நெடுங்காலம் வழங்கிய அறிவு என்பதையும், அணிகலன் வரலாற்றைக் கல்லின் வழியாகவும் பொன்னின் வழியாகவும் மட்டுமன்றிக் கம்பியின் வழியாகவும் எழுத இயலும் என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இழையும் அணியும்

சங்க இலக்கியத்தில் அணிகலனைக் குறிக்கும் பொதுச்சொற்களுள் ஒன்று இழை. ஆயிழை, சேயிழை, நேரிழை எனப் பெண்ணை விளிக்கும் தொடர்கள் தமிழாசிரியர் அனைவரும் அறிந்தவை. நூலின் ஒரு புரியும் இழையே. பொன்னில் மணியைப் பதிப்பதைக் கல்லிழைத்தல் என்கிறோம். இவை மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று அடித்துரைப்பது இங்கு நோக்கமன்று. ஆயினும் நூற்பவரும் பொன்வினைஞரும் ஒரே ஒலியுடைய சொல்லால் தத்தம் வினையைச் சுட்டியமை கருதத்தக்கது. இரு தொழிலிலும் செயல் ஒன்றே. பொருளை மெலிய நீட்டி, அதனைக் கொண்டு பிறிதொன்றைப் பிணைப்பதே அச்செயல்.

இரண்டும் ஒன்றாகும் இடமும் உண்டு. அதுவே சரிகை. வெள்ளியை மயிரினும் மெல்லிய கம்பியாக இழுத்து, அதைத் தட்டையாக்கிப் பட்டு நூலின்மேல் சுற்றிப் பின் பொன்முலாம் பூசுவர். காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலையின் கரையில் மின்னுவது இக்கம்பிச்சுற்றுதான். நூலுக்குப் பதிலாகக் கல்லை வைத்தால் கம்பிக்கட்டு ஆகிவிடும்.

நம் வீடுகளில் இன்னும் நெருக்கமான சான்றுகள் உள்ளன. உருத்திராக்க மணிகளை வெள்ளிக் கம்பியாலோ பொற்கம்பியாலோ ஒன்றோடொன்று கொளுவிக் கட்டுவது வழக்கம். நகரத்தார் அணியும் கௌரிசங்கம் உருத்திராக்கத்தையும் பொன்னையும் இணைத்துச் செய்யப்படுவது. பவளத்தையும் முத்தையும் கம்பியில் கோத்து, கம்பியின் இரு முனைகளையும் வளையமாக மடக்கிச் சுற்றி முடிப்பதும் பழைய முறையே. அந்த முடிப்புச் சுற்றைத்தான் இன்றைய கையேடுகள் முதற்பாடமாகக் கற்பிக்கின்றன.

கல்லும் துளையும்

கம்பியைப் பற்றிப் பேசுமுன் கல்லைப் பற்றிச் சில சொல்லவேண்டும். கல்லை அணியாக்கும் வழிகள் மூன்று. துளையிட்டுக் கோத்தல் ஒன்று. பொன்னில் குழியமைத்து அரக்கு வைத்துப் பதித்தல் ஒன்று. கம்பியால் கட்டுதல் மற்றொன்று. தமிழகத் தொல்லியலில் முதல் வழிக்கே மிகுதியான சான்றுகள் கிடைத்துள்ளன. பதிற்றுப்பத்தில் கொடுமணம் எனச் சுட்டப்படும் கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் மேற்கொண்ட அகழாய்வுகள், பச்சைக்கல், படிகம், சூதுபவளம் ஆகியவற்றை அறுத்தும் தீட்டியும் துளைத்தும் மணியாக்கிய தொழிற்கூடத்தை வெளிக்கொணர்ந்தன. மார்ட்டிமர் வீலர் 1945இல் அகழ்ந்த அரிக்கமேட்டில் கல்மணியோடு கண்ணாடி மணியும் செய்யப்பட்டது.

அரிக்கமேட்டுக் கண்ணாடி மணிகளின் தொழில்நுட்பம் கடல் கடந்தது. மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் 2002இல் வெளியிட்ட ஆசியக் கடல்வழி மணி வணிகம் பற்றிய நூலில், இலங்கையின் மாந்தை, தென் தாய்லாந்தின் க்லோங் தோம், வியட்நாமின் ஓக்-இயோ, நம் நாட்டின் சுங்கை மாஸ், குவாலா செலின்சிங் ஆகிய இடங்களை இம்மணி செய்யப்பட்ட மையங்களாகக் குறிப்பிடுகிறார். இவற்றுள் கெடாவின் சுங்கை மாஸ், மூடா ஆற்றையடுத்து, பினாங்கு மாநிலத்தின் வட செபராங் பிறைக்கு அண்மையில் அமைந்தது. குவாலா செலின்சிங் பேரா கடற்கரையில் உள்ளது. பினாங்கின் வரலாற்றைப் பிரான்சிஸ் லைட் கரையிறங்கிய 1786இலிருந்து தொடங்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. மணிகளை வைத்துப் பார்ப்போர்க்கு அந்த ஆண்டு மிகப் பிந்தியது.

துளையிடுவது கடினமான பணி. படிகமும் சூதுபவளமும் மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் ஏறத்தாழ 7 என்னும் இடத்தில் நிற்பவை. அவற்றைத் துளைக்க வைரமுனை பூட்டிய துரப்பணம் தேவைப்பட்டது. துளையிட இயலாத கல்லையும் துளையிட மனம் வராத கல்லையும் கம்பியால் கட்டலாம். அதனால்தான் கல்லைத் துளைக்கும் திறன் இல்லாத தொடக்கநிலையாளருக்கும் இக்கலை கைகூடுகிறது. எனினும் எந்தக் கல்லுக்கும் இது பொருந்தும் என்று கருதுவது தவறு. செம்பின் கடினத்தன்மை ஏறத்தாழ 3. ஆகவே செம்புக் கம்பி படிகத்தைக் கீறாது. முத்தும் பவளமும் செம்பை ஒத்த மென்மையுடையவை. கம்பி இறுக இறுக அவற்றின் மேனியில் வடு விழும். நம் முன்னோர் முத்தையும் பவளத்தையும் சுற்றிக் கட்டாமல் ஊடே கம்பி செலுத்திக் கோத்ததற்கு மரபு மட்டுமே காரணமென்று நான் நினைக்கவில்லை.

உரைகல் ஒன்று

தென் தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் உள்ள க்லோங் தோம், பினாங்கிலிருந்து வடக்கே அதே மேலைக் கடற்கரையையொட்டி ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது. அங்கு மணிகள் மிகுதியாகக் கிடைத்த மேட்டை ஊரார் மணிக்குன்று என்னும் பொருள்பட குவான் லுக் பாட் என அழைக்கின்றனர். அவ்விடத்தில் சிறிய செவ்வகக் கல் ஒன்று கிடைத்தது. அதில் தமிழ்ப் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்னும் பொருளுடைய சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அறிஞர் நொபோரு கராஷிமா முதலியோர் இதனைக் கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கொள்வர். அக்கல் பொன்னை உரைத்து மாற்றுக் காணும் உரைகல்.

இக்கண்டெடுப்பு பெரும்பாலும் தமிழரின் கடல் வணிகத்திற்குச் சான்றாகவே மேற்கோள் காட்டப்படுகிறது. அது சரியே. ஆனால் அக்கல் யாருடையது? சரக்கை ஏற்றி இறக்கும் வணிகனுக்கும் உரைகல் பயன்படலாம். பொன்னை உருக்கிச் சேர்த்து வேலை செய்பவனுக்கோ அஃது இன்றியமையாதது. பெரும்பதன் என்பவன் பொற்கொல்லனாயின், இத்தீபகற்பத்தில் பெயர் தெரியவரும் மிகப் பழைய தமிழ்க் கைவினைஞன் அவனே எனலாம். அரசனின் மெய்க்கீர்த்தியோ கோயில் கொடையோ அவனை நமக்கு அறிவிக்கவில்லை. தன் கருவி பிறர் கருவியோடு கலந்துவிடக்கூடாதென்று அதில் பெயர் வெட்டிக்கொண்டதால் அவன் நம்மை வந்தடைந்தான். பட்டறைகளில் இன்றும் குறட்டின் பிடியில் அடையாளம் இடும் வழக்கத்தைக் கண்டவர்களுக்கு இது வியப்பளிக்காது.

உரைகல்லின் பயன் எளியது. கரிய, நுண்மணியுடைய கல்லில் பொன்னைத் தேய்த்தால் கோடு விழும். மாற்றுத் தெரிந்த பொன்னாணியால் பக்கத்தில் இன்னொரு கோடு இழுத்து இரண்டின் நிறத்தையும் ஒப்பிடுவர். ஆணிப்பொன், மாற்றுக் குறையாத, உரைத்துப் பார்த்தல் ஆகிய வழக்குகள் இச்செயலிலிருந்து வந்தவை. இன்று மலேசிய நகைக்கடைகளில் '916' என்னும் முத்திரை அப்பணியைச் செய்கிறது. ஆயிரம் பங்கில் 916 பங்கு பொன், அதாவது 22 காரட் என்பது அதன் பொருள்.

தஞ்சைக் கல்வெட்டில் கொக்குவாய்

கம்பி வேலைக்கு எழுத்துச் சான்று தேடுவோர் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படிக்கவேண்டும். முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் பிறரும் கோயிலுக்கு அளித்த அணிகலன்கள் அங்கே ஒவ்வொன்றாக விவரிக்கப்பட்டுள்ளன. ஹுல்ட்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதி அவற்றைக் கொண்டுள்ளது. அணிகள் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்னும் நிறைகளால் அளக்கப்பட்டன. முத்துகள் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி, சக்கத்து என வகை பிரிக்கப்பட்டன. சரடு, சட்டம், செப்பாணி, அரக்கு ஆகியவற்றை நீக்கி நிறுத்தவை எவை, அரக்கும் பிஞ்சும் உட்பட நிறுத்தவை எவை என்றும் வேறுபடுத்திக் கூறப்பட்டுள்ளது. கணக்கனின் இந்தக் கறார்த்தன்மையே நமக்கு ஓர் உள்காட்சியைத் தருகிறது. வெளியே பொன்னாகத் தோன்றிய அணியின் உள்ளே செம்பும் அரக்கும் இருந்தன. அணியைத் தாங்கியவை மலிவான பொருள்கள்.

அப்பட்டியல்களில் கொக்குவாய், படுகண் என்னும் இரு சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கொக்குவாய் என்பது மாலையின் ஒரு முனையில் உள்ள கொக்கி. படுகண் அது சென்று மாட்டும் வளையம். கொக்கின் அலகுபோல் வளைந்த முனைக்குக் கொக்குவாய் என்று பெயரிட்டவன் கவிஞனாக இருக்கத் தேவையில்லை. கம்பியை வளைத்துப் பார்த்திருந்தால் போதும். இன்றைய கையேடுகள் தொடக்கநிலையாளருக்குச் சொல்லித்தரும் கொக்கியும் வளையமும் இவையே. ஆயிரம் ஆண்டுகளாகக் கல்லில் நிற்கும் இச்சொற்களை விட்டுவிட்டு வகுப்பறையில் 'ஹூக்' என்று சொல்லிக்கொண்டிருப்பது ஏன் என்பதற்கு என்னிடம் நல்ல விடை இல்லை.

நிறைக்கற்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. தஞ்சைக் கணக்கில் வரும் மஞ்சாடியும் குன்றியும் விதைகள். மஞ்சாடி மரத்தை மலாயர் சாகா என்பர். மலாய் உலகில் பொன்னை நிறுக்க வழங்கிய சிற்றெடையின் பெயரும் சாகா. 12 சாகா ஒரு மாயம், 16 மாயம் ஒரு பொங்கால். ஒரே செந்நிற விதையை வைத்தே காவிரிக் கரையிலும் பினாங்குக் கரையிலும் பொன்னை நிறுத்தனர். நவமணிகளைச் சுட்டும் முத்து மானிக்காம் என்னும் மலாய்த் தொடரில் முத்தும் மாணிக்கமும் தமிழ் முகத்தோடே காட்சி தருகின்றன.

கம்பியச்சும் கம்பியின் எண்ணும்

கம்பி எவ்வாறு செய்யப்பட்டது என்பது அணிகலன் வரலாற்றில் ஒரு காலக்கணிப்புக் கருவி. மெசபொத்தேமியாவின் ஊர் நகரில் லியோனார்டு வூலி 1922 முதல் 1934 வரை அகழ்ந்த அரச கல்லறைகளில் பொற்கம்பியும் சூதுபவள மணியும் சேர்ந்த அணிகள் கிடைத்தன. அவை கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டின் நடுப்பகுதியைச் சார்ந்தவை. அவற்றில் சில மணிகள் சிந்துவெளியிலிருந்து சென்றவை. அக்காலத்துக் கம்பி துளையில் இழுக்கப்பட்டதன்று. பொன் தகட்டைக் கீற்றாக வெட்டி முறுக்கி உருட்டியோ, சிறு கட்டியை அடித்து நீட்டியோ செய்யப்பட்டது. ஆண்ட்ரூ ஆடி 1977இலும் ஜாக் ஆக்டன் 1982இலும் வெளியிட்ட ஆய்வுகள் இதனை நுண்ணோக்கியின் துணையால் விளக்கின. முறுக்கிச் செய்த கம்பியின் மேனியில் திருகுபோன்ற தையற்கோடு ஓடும். துளையில் இழுத்த கம்பியில் நீளவாட்டில் இணைகோடுகள் தென்படும். மேலைநாட்டுப் பொன்னணிகளில் இழுத்த கம்பி கி.பி. முதல் ஆயிரத்தாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னரே பரவலாகியது. தமிழகத்திலும் கெடாவிலும் தென் தாய்லாந்திலும் கிடைத்த பொன்னணிகளை இக்கண்கொண்டு வரிசையாக ஆராய்ந்தால், பட்டறைகளுக்கிடையே இருந்த உறவைப் பற்றி எழுத்துச் சான்றுகள் சொல்லாதவற்றைக் கம்பி சொல்லக்கூடும்.

இழுக்கும் கருவிக்குத் தமிழில் கம்பியச்சு என்று பெயர். எஃகுத் தகட்டில் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாகத் துளைகள் இருக்கும். கம்பியின் முனையை அரத்தால் கூராக்கித் துளையில் நுழைத்து, மறுபக்கம் குறட்டால் பற்றி இழுப்பர். ஒரு துளை முடிந்தால் அடுத்த துளை. விட்டம் பாதியானால் நீளம் நான்கு மடங்காகும். இழுக்க இழுக்கக் கம்பி விறைக்கும். விறைத்த கம்பியை நெருப்பில் காட்டி மீண்டும் இளக்குவர். காய்ச்சுவதும் இழுப்பதுமாக மாறிமாறி நிகழும் இவ்வேலையின் உயிர்நிலை பதம் என்ற ஒரு சொல்லில் அடங்கும். சோற்றுக்கும் பாகுக்கும் சொல்லும் அதே பதம்தான்.

பட்டறையின் சொற்கள் பொதுவழக்கில் எவ்வாறு திரிந்தன என்பது தமிழாசிரியர்க்குச் சுவையளிக்கும். கம்பி நீட்டுதல் என்றால் இன்று ஓடிவிடுதல் என்று பொருள். பொன்னை ஒட்டுவதற்கு ஊதுகுழலின்முன் தூவும் பற்றுப்பொடியிலிருந்து எழுந்த பொடிவைத்தல் என்ற வழக்கு, உட்பொருள் வைத்துப் பேசுவதைக் குறிக்கிறது. இரண்டிலும் தட்டார் மீதான ஐயம் ஒளிந்திருக்கிறது. கோவலன் கொலையுண்டதற்குக் காரணமான பொற்கொல்லனைத் தமிழிலக்கியம் மறக்கவில்லை. அதற்காக ஆயிரம் பொற்கொல்லர் பலியிடப்பட்டதாகச் சிலப்பதிகாரம் கூறுவதையோ நாம் எளிதில் கடந்து சென்றுவிடுகிறோம். ஒரு தொழிலின் சொற்களைக் கல்விக்குள் அனுமதிக்கத் தயங்கியதில் இந்த ஐயத்துக்கும் கம்மாளர் மீதான சாதிப்பார்வைக்கும் பங்கு உண்டென்பதே என் கருத்து.

இனிக் கம்பியின் எண்ணுக்கு வருவோம். கடையில் கம்பி வாங்குவோரைக் குழப்புவது, எண் கூடக்கூடக் கம்பி மெலிவது. இதன் காரணம் கம்பியச்சில் உள்ளது. ஒரு கம்பி எத்தனை துளைகளின் வழியே இழுக்கப்பட்டதோ அதுவே தொடக்கத்தில் அதன் எண்ணாக இருந்தது. இருபது முறை இழுத்த கம்பி பத்து முறை இழுத்ததைவிட மெல்லியது. பின்னர் ஒவ்வொரு நாடும் இதனைத் தன் முறையில் நிலைப்படுத்திக்கொண்டது. அமெரிக்க அளவை 1857இல் பிரவுன் அண்டு ஷார்ப் நிறுவனத்தால் வகுக்கப்பட்டது. பிரிட்டனின் நிலையளவை 1884இல் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட இந்தியாவிலும் மலாயாவிலும் பின்னதே வழங்கியது.

இவ்வேறுபாடு வெறும் வரலாற்றுச் செய்தியன்று. அமெரிக்க அளவையில் 20ஆம் எண் கம்பியின் விட்டம் 0.81 மில்லிமீட்டர், பிரிட்டிஷ் அளவையில் அதே எண் 0.91 மில்லிமீட்டர். 24ஆம் எண் முறையே 0.51, 0.56. அமெரிக்கக் கையேட்டைப் படித்துவிட்டு ஜார்ஜ்டவுன் இரும்புக்கடையில் எண்ணைச் சொல்லி வாங்கும் மாணவர், தடித்த கம்பியோடு வீடு திரும்ப நேரலாம். எண்ணைக் கேளாமல் மில்லிமீட்டரைக் கேட்பதே நலம்.

தொடக்கநிலையாளரின் தேர்வு

பட்டறையில் பயிலும் இளையோர் கையில் பொன்னைக் கொடுப்பதில்லை, செம்பையே கொடுப்பர். இதனைத் தட்டாரின் கஞ்சத்தனமாக எண்ணுவோர் சிறு கணக்கொன்றைப் போட்டுப் பார்க்கலாம். 0.8 மில்லிமீட்டர் தடிப்பும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள செம்புக் கம்பி ஏறத்தாழ 4.5 கிராம் இருக்கும். அதே அளவுள்ள 22 காரட் பொற்கம்பி ஏறத்தாழ 9 கிராம், அதாவது ஒரு பவுனுக்கும் மேல். கை பழகாதவர் முதல் பதக்கத்திலேயே ஒரு மீட்டரை வீணாக்குவார்.

விலை மட்டுமே காரணமன்று. செம்பு நன்கு இளகும். அதன் வளைவு கைக்கு அடங்கும். செம்மஞ்சள் நிறமாகும் அளவுக்குக் காய்ச்ச வேண்டியதில்லை. மங்கிய செந்நிறம் கண்டதும் நீரில் தோய்த்தால் மீண்டும் இளகிவிடும். பித்தளை விறைப்பு மிக்கது. விரல் பழகாதவரை அது அலைக்கழிக்கும். வெள்ளி செம்பைப்போல் இணங்கும், ஆனால் விலை கூடும். இன்னொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். பொன்னோடு செம்பைக் கலந்து செய்த சுவாசா என்னும் உலோகம் மலாயரிடையே மதிப்புடன் வழங்கியது. செம்பைப் பயிற்சிக்கு மட்டும் உரிய பொருளாகத் தாழ்த்துவது அண்மைக்கால மனப்பான்மை.

வாங்கவேண்டியவை இருவகைக் கம்பிகள். கல்லைச் சூழ்ந்து சட்டமாக நிற்பதற்கு 0.8 முதல் 1 மில்லிமீட்டர் வரையுள்ள கம்பி. சட்டங்களை ஒன்றோடொன்று சுற்றிக் கட்டுவதற்கு 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வரையுள்ள கம்பி. இரண்டும் இளகிய பதத்தில் இருத்தல் வேண்டும். வேலை நடக்கையில் வளைக்க வளைக்கக் கம்பி தானே விறைத்துக் கல்லை இறுகப் பற்றும். முதலிலேயே விறைத்த கம்பியை வாங்கினால் அது கல்லைப் பற்றாமல் விலகி நிற்கும். அதே இடத்தில் மீண்டும் மீண்டும் வளைத்தால் முறியும். சட்டக்கம்பி வட்டமாக இல்லாமல் சதுரமாக இருந்தால், பக்கம் பக்கமாக அடுக்கும்போது நழுவாது. பினாங்கின் ஈரக்காற்றில் செம்பு விரைவில் கறுக்கும், வியர்வை பட்டால் பச்சை பிடிக்கும். பூச்சுள்ள கம்பி இதைத் தடுக்கும். ஆனால் அதை நெருப்பில் காட்டக்கூடாது. குறட்டின் அழுத்தத்தில் பூச்சு உரியும். முதலில் பூச்சில்லாத செம்பில் பழகுவதே முறை.

கருவிகளில் மூன்று குறடுகள் போதும். வளையம் செய்ய உருண்டை மூக்குக் குறடு, பற்றி மடக்கத் தட்டை மூக்குக் குறடு, நறுக்க வெட்டுக்குறடு. முதல் இரண்டின் உள்வாயில் பல் இருக்கக்கூடாது. மின்பணியாளரின் பிளாயரில் உள்ள பல், இளகிய செம்பில் தழும்பு பதித்துவிடும். அத்தழும்பை அரத்தால் தேய்த்தால் கம்பி மெலியும். உருண்டை மூக்கு அடியில் தடித்து நுனியில் மெலிவதால், ஒரே அளவான வளையங்கள் வேண்டுவோர் மூக்கில் ஓரிடத்தைக் குறித்துக்கொண்டு எப்போதும் அங்கேயே சுற்றவேண்டும். பழைய பட்டறையில் இதற்குச் சலாகை ஒன்றே போதுமானதாக இருந்தது. அதன்மேல் கம்பியைச் சுருளாகச் சுற்றி நீளவாட்டில் வெட்டினால் ஒத்த வளையங்கள் உதிரும். இவற்றோடு முனையை மழுக்க ஒரு சிறு அரம், நுண்பொருளை எடுக்கச் சாமணம், தட்டிச் சமன்செய்யச் சுத்தியலும் பட்டடையும் இருந்தால் நிறைவு. ஊதுகுழலும் உமியோடும் வெண்காரமும் பற்றவைக்கத் தொடங்கும்போது வரட்டும். விற்பனைக்கு வரும் இருபது, முப்பது கருவி கொண்ட பெட்டிகளைத் தொடக்கநிலையாளர் வாங்குவது வீண்செலவு.

ஜார்ஜ்டவுன்

பினாங்கு ஒரு துறைமுகமாக வளர்ந்த பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் வணிகரும் கைவினைஞரும் இங்கே குடியேறினர். 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், குவீன் வீதியில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலும் அக்குடியேற்றத்தின் அடையாளங்கள். நகரத்தார் தைப்பூசத்திற்கு வெள்ளி இரதத்தைக் கொணர்ந்தனர். பள்ளிவாசலையொட்டிய வீதியில் இந்திய முஸ்லிம்களின் நகைக்கடைகளும் நாணயமாற்றுக் கடைகளும் நெருங்கி அமைந்தன. பாபா நோஞ்ஞா மகளிர் அணிந்த கெரோசாங் ஊக்குகளைச் செய்தவர்களில் சீனர்களோடு இலங்கையரும் இந்தியரும் இருந்தனர். ஒரே வாடிக்கையாளருக்காக மூன்று மரபினர் வேலை செய்த இத்துறைமுகத்தில், கருவிகளும் கை மாறியிருக்க வேண்டும்.

இத்தொழிலின் அண்மைக்கால வரலாறு அத்தனை மகிழ்ச்சிக்குரியதன்று. கடைவீடுகளின் வாடகையைக் கட்டுப்படுத்திய சட்டம் 2000 சனவரி முதல் நாள் நீங்கியது. மாடியிலும் பின்கட்டிலும் சிறு வாடகைக்குப் பட்டறை நடத்தியோர்க்கு அது பேரிடி. ஜார்ஜ்டவுன் 2008 சூலை 7ஆம் நாள் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. கட்டடங்களின் முகப்பு காக்கப்பட்டது, அவற்றினுள் நிகழ்ந்த தொழிலுக்கு அதே காப்பு கிட்டவில்லை. 2009இல் முடிதிருத்தகம், துணிக்கடை, பொற்கொல்லர் ஆகிய துறைகளுக்கு வெளிநாட்டுத் தொழிலாளரைத் தருவிப்பது நிறுத்தப்பட்டது. தமிழகத்திலிருந்து வரும் கைவினைஞரை நம்பியிருந்த கடைகள் ஆயத்த நகைகளின்பால் திரும்பின. அத்தடை 2023இல்தான் தளர்த்தப்பட்டது. உள்ளூர் இளைஞருக்குத் தொழில் கற்பித்திருந்தால் இந்நெருக்கடி நேர்ந்திராது என்பார் உளர். கற்பிக்க யார் முன்வந்தார், கற்க எந்தப் பள்ளி இடம் தந்தது என்று அவர்களைக் கேட்கவேண்டும்.

ஆனந்த குமாரசுவாமி 1908இல் இடைக்காலச் சிங்களக் கலையையும் 1909இல் இந்தியக் கைவினைஞரையும் பற்றி எழுதியபோது, கைவினைஞன் வேலை செய்யும் முறையையே கலை வரலாற்றின் பொருளாகக் கொண்டார். தர்ஸ்டன் அதே 1909இல் தட்டார், கன்னார், தச்சர், கல்தச்சர், கொல்லர் என்னும் ஐவகைக் கம்மாளரைப் பற்றித் தொகுத்தார். மலேசியத் தமிழர் கைவினையைப் பற்றி இத்தகைய பதிவு வேண்டும். அதற்குப் பெருநிதி தேவையில்லை. ஓய்வுபெற்ற தட்டார் வீடுகளில் எஞ்சியிருக்கும் கம்பியச்சுகளைப் படமெடுத்து, துளைகளின் எண்ணிக்கையையும் ஒவ்வொன்றின் விட்டத்தையும் மில்லிமீட்டரில் குறித்து, அத்துளைக்கு அவர் வழங்கும் பெயரை அவர் பலுக்கும்படியே ஒலிப்பதிவு செய்தால் போதும். கலைக்கல்வி கற்பிக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரும் மொழியியல் மாணவர் ஒருவரும் சேர்ந்தால் ஒரு வாரத்தில் ஓர் ஊரை முடிக்கலாம். பழைய இரும்பு விலைக்குப் போன கம்பியச்சில் துளையை அளக்க இயலாது என்பதால், பட்டியலில் முதலில் வரவேண்டியவர் எண்பது வயதைக் கடந்தவர்கள்.